மூன்று மிளகு

என்கார்னசியோன்,
மார்ச் 4, 2011

என் நிமியாவுக்கு,

என் குட்டி மகள் அராமி இப்போதுதான் கண்ணயர்ந்தாள், விழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஈஸ்டருக்கு மறுவாரம் அவளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நீதான், சாக்குச் சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். நான் மூன்று நிறுவனங்களின் இணையப் பக்கங்களுக்குக் கட்டுரை எழுதுவது உனக்குத் தெரியும். போன வாரம் அவற்றில் சேராத, நீ எழுதுகிற நிறுவனத்தின் பக்கத்தில் என் மழைக்காலக் கட்டுரை யாரோ ஒருவர் பெயரில் வந்திருக்கிறது. வரிக்கு வரி என்னுடையது! கல்லூரி நாளிலிருந்தே நீ படிக்காமல் நான் எதையும் அனுப்பியதில்லை. ஹூலியோ, "உன் சிநேகிதி படிக்கிறாளா, மேயுறாளா?" என்கிறார். சிரித்து மழுப்பினேன்.

உன் லிஸ்

அசுன்சியோன்,
மார்ச் 11

அடி லிஸ்,

உன் வீட்டுக்காரரிடம் சொல்: "மேயுறவ நல்ல புல்லாப் பாத்து மேய மாட்டாளா?" மழையைப் பற்றி ஊரே எழுதுகிறது, விடு. அராமியின் வெள்ளைச் சட்டையைத் தைத்துவிட்டேன். கழுத்துக்கு மட்டும் வலைப்பின்னல் பாக்கி. அடுத்த கட்டுரையை அனுப்பு.

நிமியா

என்கார்னசியோன்,
ஏப்ரல் 2

நிமியா,

நம் ஊர்த் தெரெரே பானத்தைப் பற்றிய கட்டுரை உனக்கு நான் வைத்த பொறி. குளிர்ந்த மூலிகைத் தண்ணீரில் மூன்று மிளகு தட்டிப்போடச் சொல்லியிருந்தேன். இந்த நாட்டில் எவள் தெரெரேயில் மிளகு போடுவாள்? நீ படித்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று அந்த மிளகு உன் நிறுவனத்தின் பக்கத்தில் கிடக்கிறது. உன்னைத் தவிர அது நான் எழுதும் ஒரு நிறுவனத்துக்குத்தான் போனது. அவர்களா போட்டிக்காரனுக்குத் தூக்கிக் கொடுப்பார்கள்?

பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு யாரை நம்புவது என்றே தெரியவில்லை. ஞானத்தாயாக ஹூலியோவின் தங்கையைக் கேட்டுவிட்டேன்.

லிஸ்

அசுன்சியோன்,
ஏப்ரல் 9

லிஸ்,

மிளகைப் பார்த்தேன். தூக்கம் கெட்டவள் தவறிப்போய் எழுதியிருப்பாள், நோகடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் நிறுவனத்துக்கு நேரில் போனேன். மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்பும் நாம் யாரும் அந்தப் படி ஏறியதில்லை, இல்லையா? கதவில் மூன்று பெயர்ப்பலகைகள். என்னுடையது ஒன்று. மற்ற இரண்டும் நீ எழுதுகிற மூன்றில் இரண்டு. உள்ளே ஒரே மேசை, ஒரே அம்மாள்.

"லிஸ் எழுதுனத வேற பேர்ல ஏன் போட்டீங்க?" என்றேன்.

"ஒரே ரொட்டிய ரெண்டு கடையில விக்கக் கூடாதா, கண்ணு?" என்றாள்.

"கூடாது. அது அவ சுட்ட ரொட்டி."

"அப்போ நாளையிலிருந்து நீ சுட வேண்டாம்" என்று அனுப்பிவிட்டாள்.

உனக்காகச் சண்டை போட்டேன் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். பொறி வைத்தாய்.

சட்டையை இத்துடன் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். நீ நம்புகிறவள் அராமியை ஏந்திக்கொள்ளட்டும்.

நிமியா

என்கார்னசியோன்,
ஜூன் 19

என் நிமியாவுக்கு,

ஏப்ரலிலிருந்து நான் எழுதும் நான்காவது கடிதம் இது, முந்தைய மூன்றுக்கும் உன் பதில் வரவில்லை. பாதிரியாரிடம் சொல்லி ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். "இன்னும் யாருக்காகம்மா காத்திருக்கே?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

இன்று சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அராமி வளர்ந்துவிட்டாள், கைப்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது. பிரித்துத் தைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ வந்து பிரித்துக் கொடு.

லிஸ்