எட்டு கப் மாவு

மார்ச் 3

பேக்கரியில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து போன். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம். ரொட்டி போடுகிறவர் உடம்புக்கு முடியாமல் இறங்கிவிட்டார். இனி சமையல் பார்க்கிற இவரேதான் ரொட்டியும் போட வேண்டும்.

"உன் கடை ரொட்டிக்கு அளவு சொல்லு. கிராம்ல வேணாம். கடலுக்குள்ள போனா தராசு முள்ளு ஒரு எடத்துல நிக்காது."

எனக்குக் கப் கணக்கு வராது. "உங்க கப்பு எவ்ளோ பிடிக்கும்?"

"கப்பு, கப்பு அளவுக்குத்தான் பிடிக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. அரை லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கப் போக ஒரு மடக்கு மிச்சமாம். அப்படியென்றால் இருநூற்று நாற்பது மில்லி.

மார்ச் 4

கடை மூடியதும் அதே அளவு கப்பில் ஒவ்வொன்றாக நிரப்பித் தராசில் வைத்தேன். தண்ணீர் இருநூற்று நாற்பது கிராம். சர்க்கரை இருநூறு. மாவு வெறும் நூற்றிருபத்தைந்து. கப் ஒன்றுதான், எடைதான் வேறு வேறு. ஒரு கிலோ மாவுக்கு எட்டு கப், தண்ணீர் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைய, உப்பு தலை தட்டி மூன்று டீஸ்பூன், ஈஸ்ட் இரண்டு. போனில் சொன்னேன்.

சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாம் மாவுப் பேச்சு. ஆனாலும் இவர் கப்பல் ஏறியதிலிருந்து இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

மார்ச் 9

ரொட்டி கல்லாகிவிட்டதாம். "ஆணி அடிக்கலாம்"னு எல்லோரும் கிண்டல். கேப்டன் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாராம். நன்றாக வந்தால் இன்னும் ஒரு வருஷம், தலைமைச் சமையல்காரர் பதவியோடு. இல்லாவிட்டால் ஏப்ரலில் வீடு.

"மாவை எப்படி எடுத்தீங்க?"

"எப்படி எடுப்பாங்க? கப்பை மூட்டைக்குள்ள விட்டு அள்ளினேன்."

அதுதான். அப்படி அள்ளினால் மாவு இறுகி ஒரு கப்பே நூற்றைம்பது கிராம் வரும். எட்டு கப்புக்கு இருநூறு கிராம் கூடுதல். வாய்வரை வந்தது. "யோசிச்சு சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 10

சொல்லவில்லை.

அவருடைய தலையணைக்கு உறை மாற்றினேன் — ஏப்ரலுக்கு. பைத்தியமா எனக்கு? அந்த மனுஷன் அங்க எல்லார் வாயிலயும் விழுந்துட்டிருக்காரு, நான் இங்க உறை மாத்திட்டிருக்கேன்.

நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணனுக்குக் கடல்தான் மூத்தவ. நீங்க எளையவதான் அண்ணி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

சொல்லிவிட்டேன். "மாவை மொதல்ல கிளறி விடுங்க. கரண்டியால எடுத்துக் கப்புல போடுங்க. அமுக்காதீங்க, தட்டாதீங்க. மேல கத்தி முதுகால வழிச்சு விடுங்க."

"இதை அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்."

பிறகு மெதுவாக, "ஏன்டி?" என்றார்.

"நீங்க வரணுங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் பதில் சொல்வதற்குள் — அல்லது சொல்லாமலேயே — லைன் கட்டாகிவிட்டது.

மார்ச் 14

படம் அனுப்பியிருக்கிறார். பொன்னிறம், நல்ல உப்பல், வெட்டிய துண்டில் கண் கண்ணாக ஓட்டை. எங்கள் கடை ரொட்டியேதான். முதலாளியம்மாவிடம் காட்டிப் பெருமையடித்தேன். பிறகு மாவு அறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 20

போன் இல்லை.

ஏப்ரல் 26

நேற்று ராத்திரி வீடு வந்து சேர்ந்தார். தலைமைச் சமையல்காரர் பதவிக்கு வேறு ஆள் ஏறிவிட்டாராம். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

மத்தியானம் இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தபடியே சாப்பிட்டார். கப்பலில் மேசைமேல் ஈரத்துணி விரிப்பார்களாம், தட்டு நகராமல் இருக்க. "தரை இப்படி சும்மா நிக்கிறதுதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து மேசையில் விரித்தேன். தட்டை வைத்துவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.