பேட்டரி குறைந்த பாட்டு

நவம்பர் 3, திங்கள்
தூறல். சிறுமலை தெரியவில்லை. கிதாருக்குக் கம்பி மாற்றினேன். ஒன்று அறுந்தது. அதிகம் முறுக்கிவிட்டேன் போல.

பிலோமினா வந்தாள். சனிக்கிழமை அவளுக்கும் அருளுக்கும் நாற்பதாவது கல்யாண நாள். ஐம்பது வரை காத்திருக்க வேண்டாமாம். தேவாலயப் பங்கு மண்டபத்தில் விருந்து.

"காலேஜ்ல நீங்களும் அவரும் பாடுவீங்களே, அந்த இங்கிலீஸ் பாட்டு. அத வாசிங்கண்ணே. பக்கவாதம் வந்ததுலருந்து மனுசன் ஒரு வார்த்த பேசல. மூஞ்சியாவது மலரட்டும்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

நவ. 4, செவ்வாய்
நல்ல வெயில். பால், பி.பி. மாத்திரை, கிதார் கம்பி ஒன்று.

கோயில் இசைக்குழுவோடு ஒத்திகை. டிரம்ஸ் வாசிக்கும் ஜெனிதான் தலைவி, வங்கியில் வேலை.

"அங்கிள், இது ராக். நீங்க பிள்ளையத் தூங்கப் போடுறீங்க."

செல்பேசியில் போட்டுக் காட்டினாள். ஒரே ஓட்டம். எங்களுடையது அதன் பக்கத்தில் நடை.

காரணம் தெரியும். விடுதி டேப் ரெக்கார்டர். புது பேட்டரி செல் வாங்க வழியில்லை. தீர்ந்த செல்லையே மொட்டைமாடி வெயிலில் காயவைத்துப் போடுவோம். பாட்டு இழுத்து இழுத்து, கனத்த குரலில் வரும். அப்படியே படித்துக்கொண்டோம். அருளின் கட்டைக் குரலுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அந்த மாடியின் சூடு இன்னும் உள்ளங்காலில்.

நவ. 5, புதன்
காலையில் மின்சாரம் இல்லை. வந்ததும் கணினியில் அந்தப் பாட்டைத் தேடினேன்.

நாங்கள் கேட்டது இங்கிலாந்துக் குழு. அதுவே முதல் பதிவு அல்லவாம்! பின்னால் வந்தவை: ஒரு ஜப்பானியப் பெண் (அழகு), பித்தளை வாத்தியக் குழு (பரவாயில்லை), ஒரு கூட்டம் (கத்தல்).

முதலில் பாடியவர் ஒரு அமெரிக்கக் கறுப்பினத்தவர். ஒற்றைக் கிதார், கீறல் விழுந்த இசைத்தட்டு. மெதுவாக. ஏறக்குறைய எங்கள் நடை. கண் கலங்கியது.

பிறகு சந்தேகம். அந்தத் தட்டும் தவறான வேகத்தில் சுற்றுகிறதோ? இதை வைத்து ஜெனியிடம் வாதாட முடியாது. மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நவ. 7, வெள்ளி
கடைசி ஒத்திகை. கேட்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லணுமா அங்கிள்?"

"இல்லம்மா."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அம்புட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தீக. ஒரு பிள்ளைகிட்ட வாயத் தொறக்க முடியலையாக்கும்" என்றாள். வகுப்பிலும் பின்பெஞ்சுக்கு என் குரல் கேட்காது. அவளுக்குத் தெரியாதா என்ன.

நவ. 8, சனி
மழை இல்லை. பிரியாணி நன்று. தயிர் வெங்காயம் தீர்ந்துவிட்டது.

அருள் சக்கர நாற்காலியில், வெள்ளைச் சட்டை. ஜெனி வேகமாக ஆரம்பித்தாள். கைதட்டல், விசில். அருளின் இடது கை நாற்காலிப் பிடியில் தாளம் தேடியது. எட்டவில்லை. விட்டுவிட்டது. மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டேன். மற்ற வாத்தியங்களும் நின்றன.

"ஜெனி, மெதுவா. செல்லு தீந்துபோன மாதிரி."

முறைத்தாள். பிறகு குச்சிகளை வைத்துவிட்டு விரல்களால் தட்டினாள்.

இரண்டாம் சரணத்தில், அடியில், ஒரு கட்டைக் குரல். தெளிவில்லை. ஆனால் வார்த்தைகள்தான். வரி தவறாமல்.

"ஏங்க..." என்றாள் பிலோமினா.

பாட்டு முடியும் இடம் வந்தது. நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவானோ என்று பயம். மறுபடி முதல் சரணம். மறுபடி. விருந்தாளிகள் கை கழுவப் போய்விட்டார்கள். ஜெனி மட்டும் நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்.