மாலை போட்ட போட்டோவுக்கு எதிரே

டேய், அவன் திரும்பி வந்துட்டான்டா. நம்ம சீரியல் ஹீரோவைச் சொல்றேன்.

திங்கட்கிழமை சாயங்காலம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை டிவியில் அந்தப் பழைய மியூசிக் கேட்டதும் டம்ளரோடு நின்றுவிட்டேன். பள்ளத்தில் கார் விழுந்து, காரியமும் முடிந்தவன், மாலை போட்ட தன் போட்டோவுக்கு எதிரே வந்து நிற்கிறான். "பாடியைக் காட்டலன்னா ஆள் சாகலடா" என்பாயே, பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். சொல்லத்தான் ஆளில்லை.

பிளஸ் ஒன் லீவில் உன் போட்டோவுக்கு நாமே சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்தோமே. நீ வாசலில் நின்றாய், நான் வாயாலேயே மியூசிக் போட்டேன். வேலையிலிருந்து வந்த உங்கம்மா போட்டோவைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், துடைப்பத்தை எடுத்தார். "நான் ஒருத்தி உசுரோட இருக்கசொல்ல, எதுல விளையாடறதுன்னு இல்ல?" உனக்கு ரெண்டு அடி, எனக்கு மூணு. மியூசிக் டைரக்டருக்கு எக்ஸ்ட்ரா.

அந்த விளையாட்டுதான்டா என்னைக் கெடுத்தது. மூணு நாள் காய்ச்சலில் நீ விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். காலையில் உன் போனிலிருந்து அம்மா கூப்பிட்டார். "டேய், அவன் நம்மள வுட்டுட்டுப் பூட்டான்டா." நான் சிரித்தேன். "சூப்பர் ஆக்டிங்மா! அடுத்த எபிசோடுல வரச் சொல்லுங்க." அம்மா போனை வைத்துவிட்டார்.

உன்னை எடுத்த அன்று தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். உன் முகம் பார்க்கவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நாலு மாசமாக உங்கள் தெருப் பக்கமே போகவில்லை. காலேஜ் பஸ்ஸில் மட்டும் உனக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறேன். "ஆள் வருதா?" என்று கேட்டால் "வருது" என்கிறேன். விழுப்புரம் வரைக்கும் என் பை உட்கார்ந்து வருகிறது.

திங்கட்கிழமை டீயை அப்படியே வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. அதே சீரியல். டிவிக்கு மேலே நீ, மாலையோடு. நான் சத்தமில்லாமல் வாசலில் நின்றேன். அம்மா திரும்பினார், சட்டென்று எழுந்தார். எழுந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? நான்தான் என்று தெரிந்ததும் மெதுவாக உட்கார்ந்தார்.

"அம்மா, அன்னிக்கு போன்ல நான்..."

"விடுடா. எனக்கும் மொதல்ல அவன் விளையாடறான்னுதான் தோணுச்சு. உள்ளங்கால்ல கூச்சம் காட்டிக்கூடப் பாத்தேன்."

ரெண்டு பேரும் டிவியையே பார்த்தோம்.

"இவன் மூஞ்சி வேற மாதிரி இருக்குதே?" என்றார்.

"ஆளை மாத்திட்டாங்கம்மா."

"வந்தானே, அது போதும்." வேகவைத்த மல்லாக்கொட்டைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

இப்போது தினமும் போகிறேன்டா. பூனை மாதிரி போய் நின்று பயமுறுத்தும் வித்தையை மட்டும் விட்டுவிட்டேன். தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு போகிறேன்:

"அம்மா, நான்தான்! நான் மட்டும்தான்!"