கவரிங் என்று சொன்ன மாலை

மினாடிட்லான்
1984 மார்ச் 4

அன்பு அக்கா கந்திதாவுக்கு,

உன் தங்கை எலோய்னா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். மகள் நெரெய்தாவின் இருமல் நின்றுவிட்டது. நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உலர்ந்த இறாலில் பாதியை, சமைக்கும் முன்பே என் வீட்டுக்காரர் ரொசெந்தோ தின்று தீர்த்துவிட்டார். துணி துவைத்துக் காயப்போட்டால் சுத்திகரிப்பு ஆலையின் புகை நாற்றம் ஏறிவிடுகிறது. அது தவிரக் குறை ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்று மனதில் கிடந்து அறுக்கிறது.

போன ஞாயிறு, ஆலை இன்ஜினியர் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. எங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மாவின் தோடுகளைப் போட்டுக்கொண்டு போனேன். இன்ஜினியரின் மனைவி வந்தாள். முன்பின் பேசியதுகூட இல்லை, என் காது மடலையே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஒரிஜினலா? உங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் கனமா போட்டுட்டு வர்றீங்க. அத்தனையும் தங்கமாவா இருக்கும்?"

பக்கத்தில் நின்றவள், "என்ன விலை இருக்கும்?" என்றாள்.

"தெரியாதுங்க, அம்மா போட்டது" என்றேன். "அப்ப அவங்களைத்தான் கேக்கணும்" என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது என்பது அவர்களுக்குத் தெரியாதுதான். ஆனாலும் சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து கழற்றி வைத்தவள், இன்னும் எடுத்துப் போடவில்லை.

சந்தையில் உன்னைத் தினம் யாராவது கேட்பார்களே, நீ என்ன சொல்வாய்? எனக்கும் சொல்லிக் கொடு.

அன்பு முத்தங்களுடன்,
உன் எலோய்னா


ஹுச்சிதான்
1984 மார்ச் 19

என் செல்லத் தங்கச்சி,

கடிதம் வந்தது. முதலில் தோடுகளை எடுத்துப் போட்டுக்கொள். கேட்டவள் வெட்கப்படவில்லை, நீ ஏன் கழற்ற வேண்டும்?

விலை கேட்டால், "ஏன், வாங்கப் போறீங்களா? நான் விக்கிறதா இல்லையே" என்று சொல்லிச் சிரித்துவிடு. நிஜமா என்று கேட்டால், "அழகா இருக்குல்ல?" என்று மட்டும் சொல்லி, அவள் மாமியார் உடம்பு எப்படி என்று விசாரி. பேச்சு தானாகத் திரும்பிவிடும். மீன்கார பெத்ரோனாவிடம் ஒருத்தி வளையலைத் தொட்டுக் கேட்டாள். "உன் முன்பல்லு நெசமான்னு நீ மொதல்ல சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்" என்றாள் இவள். அந்த அளவுக்கு உனக்கு வாய் வராது, வேண்டாம்.

என் வழி வேறு. உன் அத்தான் ஃபொர்தினோ இறந்த பிறகு நான் தனி ஆள். போன வருடம் காயல் சாலையில் திருடர்கள் சந்தைக்காரி பாவுலாவின் தோடுகளை இழுத்த இழுப்பில் இரண்டு காதும் கிழிந்து தையல் போட்டார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "கவரிங்தாண்டி, வேணும்னா சொல்லு, உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேன்" என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு இருக்கும் பூட்டு அந்தப் பொய்தான். உனக்கு மட்டும் சொல்கிறேன், என் கழுத்தில் கிடப்பது அம்மாவின் காசுமாலையேதான். பதினொரு காசும் பத்திரம்.

ரொசெந்தோவுக்கு என் அன்பு. நெரெய்தாவுக்கு முத்தம்.

உன் அக்கா,
கந்திதா


மினாடிட்லான்
1984 ஜூன் 6

அன்பு அக்கா,

மே மாதத் திருவிழாவுக்கு வர முடியவில்லை. ஆலையில் அவருக்கு விடுப்புத் தரவில்லை. இந்த வருடமும் நீ தனியாகத்தான் ஆடியிருப்பாய் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

நம் சித்தி மகள் தொமாசா வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். திருவிழாவில் பக்கத்துத் தெரு எர்மிலா உன் மாலையின் காசு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது நெசந்தானா கந்திதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாளாம். நீ கவரிங் என்றாயாம். காசெல்லாம் மங்கிப்போய்க் கிடக்கின்றன என்று தொமாசா சொல்கிறாள். "அத்தான் ஆறு மாசம் வாஹாகா ஆஸ்பத்திரில கெடந்தாரே, அந்தச் செலவுக்குப் பணம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அவளே கேட்டாள். அவள் போன பிறகு ரொசெந்தோ சொன்னார்: "ஊருக்குச் சொல்றது பொய்யா, உனக்குச் சொல்றது பொய்யா, எது எப்படித் தெரியும்?"

கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வருடம் நெரெய்தாவின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா வருகிறது. மாலை அவளுக்கு என்று அம்மா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். இல்லை என்றாலும் பரவாயில்லை அக்கா. அத்தானுக்காகத்தானே. உண்மையை மட்டும் எழுது.

உன் எலோய்னா


ஹுச்சிதான்
1984 ஜூன் 22

எலோய்னா,

படகை விற்றேன். வலைகளை விற்றேன். கொல்லைப்புறத்துப் புளியமரத்தோடு அந்தத் துண்டு நிலத்தையும் விற்றேன். மாலையை விற்கவில்லை. மங்கிக் கிடக்கிறதென்றால், நான் வேண்டுமென்றே துலக்காமல் வைத்திருக்கிறேன். பளபளவென்று இருந்தால் கவரிங் என்று யார் நம்புவார்கள்?

எர்மிலா கேட்டதை அப்போதே மறந்துவிட்டேன். அவள் வாய் அப்படி. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இறால் கூடை முன் உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கு எடை தப்பாகப் போட்டேன்.

மார்ச்சிலேயே உனக்குச் சொன்னேன். இப்போது இரண்டாம் முறை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை கேட்காதே.

அக்டோபர் கடைசியில் அம்மாவுக்குப் படையல் வைக்கும்போது கட்டாயம் வா. பிள்ளையையும் அழைத்து வா. வலை ஊஞ்சலுக்குப் புதுக் கயிறு மாட்டி வைக்கிறேன்.

கந்திதா


ஹுச்சிதான்
1984 நவம்பர் 14

அன்பு எலோய்னா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வடகாற்று இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டது. நேற்று சந்தையில் இரண்டு கூரைத் தகரம் பறந்தது.

நீ இருந்த ஐந்து நாளும் வீடு வீடாக இருந்தது. அம்மாவின் படத்துக்கு நெரெய்தா பூ அடுக்கிய அழகை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நகை ஆசாரி வில்ஃப்ரிதோ இறால் வாங்க என் கடைக்கு வந்தார். கடை நிறையக் கூட்டம். எர்மிலாவும் நின்றாள். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "தங்கச்சிக்கு இப்ப மனசு ஆறிச்சா? நான்தான் உரைகல்லுல நல்லா உரசிப் பாத்துச் சொன்னேனே. அத்தனையும் பழைய காசு, சுத்தத் தங்கம். சந்தேகமே வேணாம்னு சொல்லுங்க."

நான் இறாலை அள்ளிக்கொண்டிருந்தேன். அள்ளியதைக் கூடையிலேயே திரும்பக் கொட்டினேன்.

"அடியே கள்ளி!" என்றாள் எர்மிலா. "கவரிங், கவரிங்னு எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டியே! கூடப் பொறந்தவளே நம்பாம ஆசாரிகிட்ட தூக்கிட்டுப் போயிருக்கா பாரு!" கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து மாலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது காசின் விளிம்பில் அரம் போட்ட தடம் இருக்கிறது.

ஆசாரி வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசினார் என்று எழுது. நம்பிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
கந்திதா


மினாடிட்லான்
1984 நவம்பர் 25

என் அக்கா,

பொய் சொல்லி எழுதத் தொடங்கினேன். கிழித்துப் போட்டேன்.

நான்தான் எடுத்துப் போனேன். வியாழக்கிழமை காலை, நீ படையல் சாக்லேட்டுக்குக் கொக்கோ அரைத்து வாங்கப் போயிருந்தாய். அலமாரியில் நீ கழற்றி வைத்திருந்த மாலையைப் பார்த்தேன். எவ்வளவு மங்கலாக இருந்தது தெரியுமா? கையில் எடுத்துப் பார்த்தேன், கனம் எனக்குப் பிடிபடவில்லை. புறப்படும்போதே ரொசெந்தோ, "கண்ணால பாத்தா தெரியாது, ஆசாரிகிட்ட காட்டிட்டு வா" என்று சொல்லியிருந்தார். அவர் மேல் பழி போடவில்லை. கால் நடந்தது என்னுடையது. துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் பூ வாங்கப் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். திரும்பும் வழியில் பூவும் வாங்கினேன்.

அவர் ஒரு காசின் விளிம்பை அரத்தால் ராவி, கல்லில் உரசித் திராவகத்தைத் தொட்டு வைத்து, "தங்கம்தாம்மா" என்றதும் அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்று மதியம் நீ என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து இறைச்சி வைத்தாய். என்னால் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெயில், தலைவலி என்றேன்.

என்னைத் திட்டி எழுது. நேரில் வந்து அடி. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே அக்கா. நமக்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

எலோய்னா


ஹுச்சிதான்
1984 டிசம்பர் 15

எலோய்னாவுக்கு,

நலம். நீயும் ரொசெந்தோவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். எழுதியதை அடித்துவிட்டேன். நீ அழுததை நம்புகிறேன். நான் இரண்டு முறை சொன்னதைவிட ஒரு கல் சொன்னது உனக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. அதைத்தான் விழுங்க முடியவில்லை. எர்மிலா அயலாள். அவள் கேட்டால் சிரித்துத் தள்ளலாம், எப்படித் தள்ளுவது என்று உனக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கே நிலைமை மாறிவிட்டது. மாலையோடு என்னைப் பார்ப்பவர்கள் இப்போது விலை கேட்கிறார்கள். யார் யாரோ வீட்டு வாசலில் நின்று, தனியாகவா இருக்கிறாய் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு வாரமாகப் பெத்ரோனா வீட்டில்தான் படுக்கிறேன். காயல் ஊர்களுக்கு இறால் எடுக்கப் போவதையும் நிறுத்திவிட்டேன். வியாபாரம் பாதியாகிவிட்டது. இதையெல்லாம் நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய். தெரியும்.

ஆகவே மாலையைத் தொமாசாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் மாவு டப்பாவுக்குள் வைத்து எடுத்து வருவாள். பதினொரு காசையும் அவள் முன்னாலேயே எண்ணி வைத்தேன். நெரெய்தா சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளட்டும். பதினைந்தாம் பிறந்தநாளுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார இடுப்பு விடாது. பிள்ளையிடம் அப்படியே சொல். வேறெதுவும் அவள் காதில் விழ வேண்டாம்.

அடுத்த வருடம் படையலுக்கு வர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் உனக்கும் அம்மா. வா. ஊஞ்சல் கட்டி வைக்கிறேன், பிடித்ததைச் சமைக்கிறேன். மழை பெய்ததா, மீன் வந்ததா என்று பேசிக்கொண்டிருக்கலாம். அலமாரியைப் பூட்டமாட்டேன். பூட்டியிருந்தால் உனக்கு வருத்தமாக இருக்கும். இனி அதில் நீ பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை.

கந்திதா