பதினோரு கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு

7 ஜூலை 2025, திங்கள்

இன்று நான்கு முறை மாடியிலிருந்து இறங்கினேன். கீழே எங்கள் அச்சகத்தில் பதினோரு கம்ப்யூட்டர். எதில் அப்டேட் வந்தாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு டிசைனர் ஓசியில் கிடைத்த எதையோ ஏற்றியதில், மூன்று நாள் அத்தனையும் படுத்துவிட்டன. அன்றே மருமகள் அருணாதேவியிடம் சொல்லிவிட்டேன், இனி பாஸ்வேர்டு என்னிடம்தான் என்று. ஐந்தாம் வகுப்பு படித்த நான் வந்து விரல் வைத்தால்தான் பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை நகரும்! நான் அடிக்கும்போது எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

9 ஜூலை

முழங்கால் வலி. இன்று ஆறு முறை இறங்கினேன்.

10 ஜூலை

அருணாதேவி ஆரம்பித்துவிட்டாள். "அத்தை, ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பம் வரணும். நீங்க கோயிலுக்குப் போனா அப்டேட் எல்லாம் நிக்குது. டிசைனருகளுக்கே அட்மின் உரிமையைக் குடுத்திருவோமா?"

"குடு. பீரோச் சாவியையும் சேத்துக் குடு" என்றேன். அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

12 ஜூலை

விருதுநகரிலிருந்து விக்னேஷ்வரன் என்று ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்திருக்கிறாள் அருணாதேவி. யாருக்கும் அட்மின் உரிமை தராமலே அப்டேட் தானாக ஏறுமாம்.

"பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறவுக மருந்துக் கிடங்குச் சாவியவா கேக்காக? சீட்டுல எழுதின மருந்து மட்டும் அவுக ரூமுக்கே வந்துருதுல்ல? அதேதாம்மா. நீங்க சரின்னு சொன்ன சாப்ட்வேருக்கு மட்டும் சர்வரே அப்டேட்டைக் கொண்டாந்து போட்டுரும்."

"சர்வரா? எந்த ஓட்டல் சர்வர்?"

தெரிந்துதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை.

14 ஜூலை

மனசு ஆறவில்லை. விக்னேஷ்வரன் கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, மே இருபத்திரெண்டாம் தேதி நீங்க பாஸ்வேர்டு போட்டீகளா?" என்றார். அன்று நான் திருச்செந்தூரில். இன்னும் ஆறு தேதிகள் — எல்லாம் நான் ஊரில் இல்லாத நாள்கள்.

யார்? என் விரலைப் பார்த்துத் திருடியது யார்? கண்டுபிடித்து, ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

15 ஜூலை

மாடத்தி. பத்து வருடமாக இருக்கிற டிசைனர். நான் சத்தம் போட்டதும் அவளே எழுந்து வந்தாள்.

"நாந்தாம்மா போட்டேன். அவசர ஆர்டர் நின்னு போச்சு."

"ஒனக்கு யாருடி பாஸ்வேர்டு சொன்னது?"

"நீங்கதாம்மா."

"நானா?"

"ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லித்தான அடிக்கீக. எஸ்... என்... ஈ... எங்க எல்லாருக்கும் தெரியும்மா."

என் பேத்தி சினேகாவின் பேர். பாஸ்வேர்டு என்று நினைத்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறேன்.

"பெறகு எதுக்குடி என்னைய இம்புட்டு நாளா எறங்க வச்சீக?"

"கூப்பிடாட்டி சங்கடப்படுவீகன்னுதான்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது எனக்காகவா? அப்படியென்றால் வேலையை விட்டு நிறுத்த வேண்டியது யாரை?

மாடத்தியிடம், போய் வேலையைப் பார் என்றேன். மாடிப்படி ஏறும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

17 ஜூலை

விக்னேஷ்வரனிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். எந்தெந்த சாப்ட்வேர் என்ற பட்டியலில் கையெழுத்தும் போட்டேன். "ஆனா அட்மின் உரிமை எவருக்கும் கிடையாதுன்னா கிடையாதுதான்" என்றேன் அதட்டலாக.

"உங்களுக்கும்தானேம்மா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பின்னே?" என்றுவிட்டேன்.

26 ஜூலை

ஒருவரும் கூப்பிடவில்லை. முழங்கால் நன்றாக இருக்கிறது. இருந்து என்ன?

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

ஆல்பம் சொன்ன நாளில் வந்துவிட்டது. பூஜை முடிந்து மாடத்தி முதல் பிரதியை என் கையில் தந்தாள். நன்றாகத்தான் செய்திருக்கிறாள். சொன்னேன்.

மாடியில் என் கம்ப்யூட்டரிலும் அப்டேட் தானாக ஏறியிருக்கிறது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. அணைத்து மறுபடி போடுவது இப்போதா, பிறகா என்று மட்டும் கேட்கிறது. 'பிறகு' என்று அமுக்கினேன். மூன்று முறைதான் அப்படித் தள்ளிப்போடலாமாம். அதன்பிறகு அதுவே அணைந்து எழுந்துகொள்ளுமாம்.

இரண்டு முறை ஆகிவிட்டது.