வளையம் விழாத தட்டு

செவ்வாய், இரவு.

சாயப் பட்டறையில் வேலை செய்யும் ஏழுமலை அண்ணனின் கால் புண்ணில் எடுத்த கிருமியை நேற்று தட்டில் பரப்பி, மேலே பன்னிரண்டு மருந்து வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவான வளையம் விழும். காலையில் லேபில் திறந்தேன். ஒரு வளையம்கூட இல்லை. வில்லைகளை ஒட்டிக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வில்லைகள்தான் கெட்டுவிட்டன என்று நினைத்தேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணக் கிருமியின் தட்டில் வளையங்கள் பளிச்சென்று இருந்தன.

பதினோரு மணிக்கு அவரே மனைவியோடு வந்தார்.

“எந்த மருந்தும்மா கேக்கும்?”

“எதுவுமே கேக்கலண்ணே.”

“அதுவும் என்ன மாதிரியே யார் பேச்சும் கேக்காது போலக்குது,” என்று சிரித்தார். “நேத்துலேர்ந்து வலியே இல்லம்மா. ஆறிகினு வருது.”

காலில் சுற்றியிருந்த கட்டுத் துணியை விலக்கினேன். விரல்கள் கறுத்திருந்தன. அழுத்தினேன். அவருக்குத் தெரியவே இல்லை. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

டாக்டரிடம் ஓடினேன். உடனே வேலூருக்கு அனுப்பச் சொன்னார். ஆம்புலன்ஸில் ஏறப்போன மனைவி என்னிடம் மெதுவாக, “எனக்கும் குதிகால்ல சின்னதா வந்துக்குது. வலிக்கல, அதான் சொல்லல,” என்றார்.

வண்டியை நிறுத்திவைத்து அங்கேயே அவர் புண்ணிலும் சாம்பிள் எடுத்தேன். அது இப்போது கிருமியை வளர்க்கும் இன்குபேட்டரில் இருக்கிறது. கண்ணை மூடினால், பூட்டிய லேபுக்குள் அது சத்தமில்லாமல் வளர்வது தெரிகிறது. அறை விளக்கை அணைக்கவில்லை.