நெருப்பு மூட்டி வைத்த ஒப்பாரி

ஸ்கந்தபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நிசாந்தினி அண்ணிக்கு,

தர்மிளா எழுதுவது. நீங்களும் மகள் யதுர்ஷிகாவும் வவுனியாவில் நல்ல சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் அழைத்தபோதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கதைக்க எனக்கு முகமில்லை.

இங்கே தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கி முடிந்தது. அம்மாவின் முழங்கால் நோவு அப்படியேதான்.

தேசியப் பூங்கா வாசலில் கூடார விடுதி போட்டது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர் காலையில் ஜீப்பில் போய் யானை பார்ப்பார்கள், குளத்தடியில் பறவை பார்ப்பார்கள். பொழுதுபடும் நேரம் நெருப்பு மூட்டி எங்கள் கும்மியும் கோலாட்டமும். நான்தான் முன்பாட்டுக்காரி. அதில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

போன கிழமை கும்மி முடிந்ததும் அவர்களில் ஒரு பெண் எழும்பி, செத்தவீட்டில் பாடுவீர்களாமே, அதைக் கேட்க ஆசை என்றாள். என்னோடு கும்மியடிக்கும் மேனுகா அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து, "உனக்கென்ன விசரே? ஆக்கள் சந்தோசமா இருக்கிற இடத்தில ஒப்பாரி வைக்கிறதே?" என்றார். பாட்டுத்தானே என்று உதறிவிட்டேன்.

அண்ணி, யாரையும் கூப்பிடாமல் ஒப்பாரி தொடங்க முடியாது. வாயைத் திறந்த பிறகுதான் அது உறைத்தது. "என் கூடப் பிறந்த ராசாவே" என்று வந்துவிட்டது. அண்ணாவின் நீலச் சட்டை வந்தது. சண்டை முடிந்த அன்று வட்டுவாகலில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றும்போது அவர் திரும்பிக் கை காட்டியது வந்தது. கடைசியில் பெயரும் வந்தது, நிரஞ்சன் என்றே அழுதேன். அவர்கள் கை தட்டினார்கள். சீ!

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கும் கிளிநொச்சிப் பந்தலுக்கு அம்மா வழக்கம்போல அண்ணாவின் படத்தோடு போயிருக்கிறார். அங்கே அதைக் காட்டி, "பேச்சியம்மா, அப்ப பிள்ளை இல்லையெண்டு நீங்கள் முடிவெடுத்திட்டீங்களோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அரசாங்கம் தருகிற மரணச் சான்றிதழ் வேண்டாமென்று இத்தனை வருசம் தலை நிமிர்ந்து நின்ற மனுசி அண்ணி! வீட்டுக்கு வந்து, "பெத்த நானே சொல்லாததை நீ ஆரடி சொல்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என் கையால் தண்ணீரும் வாங்குவதில்லை.

இன்னுமொன்று இருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்லவே மாட்டேன். பாடி முடித்தபோது என் நெஞ்சு லேசாக இருந்தது. அன்றைக்கு நல்ல நித்திரையும் கொண்டேன். அதை நினைக்கத்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கோ, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் பாட்டைக் கேட்டுப் பொட்டை மட்டும் அழித்துவிடாதேங்கோ அண்ணி. கெதியில் அம்மாவைப் பார்க்க வாங்கோ, எப்போதும் வைக்கிற அந்தப் பெரிய சிவப்புப் பொட்டோடு வாங்கோ. நீங்கள் படலையைத் திறக்கும்போது அம்மா முதலில் உங்கள் நெற்றியைத்தான் பார்ப்பார்.

நானுந்தான்.

முகம் காட்ட வெட்கப்படும்,
உங்கள் தர்மிளா.